பத்தாம் வசனத்தில் நிற்கும் சாமுவேல்

எங்கள் ஊரில் சண்டே கிளாஸ் கோயிலுக்குள் நடக்காது. பின்பக்கம் வேப்பமரத்தடியில் நடக்கும். (தெற்கே கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். 'சர்ச்' எல்லாம் காலேஜுக்கு வந்த பிறகு வாயில் ஒட்டிக்கொண்டது.) மரத்தில் சாய்த்துவைத்த பலகையில் ஃபிளானல் துணி விரித்திருக்கும். உப்புத்தாள் ஒட்டிய படங்களை அக்கா ஒவ்வொன்றாக அதில் ஒட்டுவார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பையன், தாடி வைத்த ஒரு தாத்தா, நடுவில் ஒரு விளக்கு. பையன் படுத்திருக்கிறான். யாரோ கூப்பிடுகிறார்கள். எழுந்து தாத்தாவிடம் ஓடுகிறான். 'நான் கூப்பிடலியே, போய்ப் படு' என்கிறார் தாத்தா. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் சிரிப்போம். மூன்றாவது தடவையில் தாத்தாவுக்குப் புரிந்துவிடுகிறது, கூப்பிடுவது கடவுள் என்று. அடுத்த முறை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பையன் அப்படியே சொல்கிறான். கதை முடிந்தது. பாட்டு, ஜெபம், ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்.

முதல் சாமுவேல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் இது. அதில் 21 வசனங்கள் இருக்கின்றன. அக்கா பலகையில் ஒட்டியது பத்து வசனம்.

அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிறகு நானே ஏழு வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பாடம் எடுத்தேன். மே மாத வெயில், காகித முகமூடி, ஆக்‌ஷன் சாங், கடைசி நாள் பரிசளிப்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆசிரியர்களுக்கென்று அச்சடித்துத் தரும் புத்தகங்கள் பலவற்றில் சாமுவேலைப் படித்திருக்கிறேன். என் கைக்கு வந்த ஒவ்வொன்றிலும் கதை அதே இடத்தில்தான் நின்றது. பாடத்தின் கடைசியில் கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருப்பார்கள். அழைத்தால் உடனே கீழ்ப்படிய வேண்டும் என்பதுதான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வரி.

பத்தாம் வசனத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? கேட்கிறேன் என்று பையன் சொன்னதும் கடவுள் பேசுகிறார். வாழ்த்தோ வாக்குறுதியோ அதில் இல்லை. ஏலியின் குடும்பத்தை அழிக்கப் போகிறேன் என்கிறார். அவன் பிள்ளைகள் செய்த அக்கிரமம் தெரிந்தும் அவன் அவர்களை அடக்கவில்லை, இனி எந்தப் பலியாலும் அது தீராது என்கிறார். கேட்கிறவர்களின் இரண்டு காதும் கிண்ணென்று ஆகிவிடும் என்று முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை வேறு. இதையெல்லாம் யாரிடம் சொல்கிறார்? ஏலியின் வீட்டில் வளர்கிற, ஏலியைத் தவிர வேறு ஆதரவில்லாத ஒரு பையனிடம்.

பையன் விடியும்வரை படுத்திருக்கிறான். தூங்கினான் என்று கதைசொல்லி சொல்லவில்லை. காலையில் எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறான். ஏலியிடம் சொல்லப் பயப்படுகிறான்.

அந்தக் கதவுகள் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ராத்திரி உலகமே தலைகீழாகிப் போனாலும் விடிந்ததும் அன்றாட வேலையைப் பார்க்கிற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் அப்பாவும் அம்மாவும் விடிய விடியச் சண்டை போட்டிருப்பார்கள். காலையில் பிள்ளை யூனிஃபார்ம் போட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வேன் ஏறிவிடும். எதுவும் கேட்காது. எதுவும் சொல்லவும் சொல்லாது. அதைப் பார்த்து 'பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது' என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இந்தப் பகுதியை எழுதியவர் கைதேர்ந்த கதைசொல்லி. மூன்றாம் அதிகாரத்துக்கு முன்னால் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தால் அது தெரியும். சீலோவில் இருக்கும் ஆலயம் நாறிப்போய்க் கிடக்கிறது. ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாஸும் அங்கே ஆசாரியர்கள். ஜனங்கள் பலிக்குக் கொண்டுவரும் இறைச்சியை, மூன்று முனையுள்ள கரண்டியை வேலைக்காரன் கையில் கொடுத்தனுப்பிப் பானையிலிருந்தே குத்தி எடுத்துக்கொள்கிறார்கள். வேகும் முன்பே பச்சையாகக் கேட்டு மிரட்டுகிறார்கள். ஆலய வாசலில் வேலை செய்யும் பெண்களிடம் நடந்துகொள்வதைப் பற்றியும் ஒரு வசனம் இருக்கிறது. இந்த அசிங்கங்களுக்கு நடுவே, சொல்லிவைத்ததுபோல, கதைசொல்லி திரும்பத் திரும்ப ஒரு வரியைச் செருகுகிறார். பையன் ஆலயத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். மகன்களின் அக்கிரமம். பையன் வளர்ந்தான். மறுபடி அக்கிரமம். பையன் இன்னும் வளர்ந்தான். இரண்டு அதிகாரத்துக்குள் இப்படி ஐந்து இடம்.

பிள்ளைகளின் ஆவிக்குரிய வளர்ச்சி என்று சிறுவர் ஊழியத்தில் ஓயாமல் பேசுகிறோமே, அதைப் பற்றி பைபிளில் உள்ள மிக விரிவான கதை இதுதான் என்று நினைக்கிறேன். அந்த வளர்ச்சி கெட்டுப்போன ஒரு வீட்டுக்குள், கெட்டுப்போனது தெரிகிற தூரத்தில் நடக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் அந்த வீட்டை வெள்ளையடித்து, சுவரில் வானவில் வரைந்து, அதற்குள் பையனை உட்காரவைக்கின்றன. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நிஜமான கோயிலில் என்ன நடக்கிறது? கமிட்டித் தேர்தலில் நாற்காலி பறக்கிறது, கல்லறைத் தோட்டத்து நிலத்துக்குக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. வேப்பமரத்தடியில் இருக்கும் பிள்ளைக்கும் அந்தச் சத்தம் கேட்கத்தானே செய்யும்?

அதே அதிகாரத்தில் அன்னாள் வருகிறாள், சாமுவேலின் அம்மா. பால் மறந்த பிள்ளையை நேர்ந்தபடி ஆலயத்தில் விட்டுவிட்டுப் போனவள். வருஷத்துக்கு ஒருமுறை பலி செலுத்த வரும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருகிறாள். எந்த அளவுக்குத் தைத்திருப்பாள்? போன வருஷம் பார்த்த பிள்ளை. வளர்ந்திருப்பான், எவ்வளவு என்று தெரியாது. எங்கள் ஊர் டெய்லர் சொல்கிற மாதிரி, 'வளர்ற புள்ள, கொஞ்சம் லூசாவே வைப்போம்' என்றுதான் அவளும் வைத்திருப்பாள். கண்ணில் படாமல் வளர்வதை ஊகித்து இடம் விட்டுத் தைப்பது. சிறுவர் ஊழியத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. நாம் கொடுக்கும் சட்டைகளோ பிள்ளை போட்டுப்பார்க்கும் அன்றைக்கே பிடிக்கின்றன.

மூன்றாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தையும் பாடங்கள் விட்டுவிடுகின்றன. அது பத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. பையனுக்கு அதுவரை கடவுளைத் தெரியாது என்கிறது அந்த வசனம். இத்தனை வருஷம் ஆலயத்திலேயே சாப்பிட்டு, ஆலயத்திலேயே தூங்கி, சணல்நூல் ஏபோத் கட்டிக்கொண்டு வேலை செய்த பையனுக்கு! வசனப் போட்டியில் நூற்றுக்கு நூறு, வருகைப் பதிவில் ஒரு ஆப்சென்ட் இல்லை, கிறிஸ்மஸ் நாடகத்தில் வருஷா வருஷம் மேய்ப்பன். அந்தப் பையன் நானும்தான். அதனால்தான் இந்த வசனம் என்னைக் குத்துகிறது.

மனப்பாடத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1871-இல் பவர் குழுவினரின் திருத்தத்தில் வந்த அந்தப் பழைய தமிழை எட்டு வயதில் வாய்க்குள் போட்டுக்கொண்டதால்தான் பின்னால் நான் எதையாவது எழுதுகிறேன். சண்டே ஸ்கூலின் ஆரம்பமும் எழுத்துதான். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. அன்றைக்கு அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை, வாத்தியார் நிறுத்தின இடத்தில் நிற்க வேண்டியதில்லை. நான் பத்தாம் வசனத்தைத் தாண்டியதும் அப்படித்தான். ஆனால் அப்போது எனக்கு வயது பத்தொன்பது. அது கொஞ்சம் லேட்.

ஏன் லேட் என்று சொல்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் சண்டே கிளாஸை நடத்திய பெரியவர் ஒருவர், பிள்ளைகள் மிஷனரி ஊழியத்துக்கென்று போட்ட காணிக்கையை எண்ணி, அதில் கொஞ்சத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பெரிய தொகை ஒன்றும் இல்லை. நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் காசுகள்தான். அவருக்கு என்ன கஷ்டமோ, பிறகு திருப்பிப் போட்டாரோ என்னவோ. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, 'வாயப் பொத்து. பெரியவங்களப் பத்தி அப்படிச் சொல்லக் கூடாது' என்றார். அதே மாதம் வட்டாரப் போட்டியில் சாமுவேலின் கதையைச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். பத்தாம் வசனம் வரைக்கும் சொன்ன கதைக்கு. டம்ளரைக் கையில் கொடுத்ததும் அவர்தான்.

இது ஏதோ கதைக்காகப் பொருத்தி எழுதியதுபோல இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்கு எனக்கு எந்தப் பொருத்தமும் தெரியவில்லை. அதுதான் விஷயமே. என்னைப் போலவே ஒரு பையன், கோயில் பெரியவரைப் பற்றித் தெரியக் கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று விடிய விடிய விழித்துக் கிடந்தான் என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு துணை இருந்திருக்கும். அந்தத் துணை என் கையிலிருந்த புத்தகத்தில்தான் இருந்தது. அதை என்னிடமிருந்து எடுத்து வைத்திருந்தார்கள், எனக்கு நல்லது என்று நினைத்து.

வெட்டிய கதை வெறுமனே குறைந்துபோவதில்லை, வேறு கதையாகிவிடுகிறது. முழுக் கதையில் பையனின் ஓட்டம் ஒரு தவறு, அழகான தவறு. கூப்பிட்டவர் ஒருவர், அவன் ஓடியது இன்னொருவரிடம். வெட்டிய கதையில் அந்த ஓட்டமே பாடமாகிவிடுகிறது: பெரியவர் கூப்பிட்டால் ஓடு, நடுராத்திரி என்றாலும் ஓடு. இரண்டாம் அதிகாரத்துப் பெண்களை நினைத்துக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆலயத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா? 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம், ஒரு குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருக்கிற பெரியவரைக் குற்றவாளி என்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிக் கோயில்களில் கூட்டம் போட்டு விளக்குகிறோம். அதே கோயிலின் பின்பக்கத்தில், சொல்லத் துணிந்த ஒரு பையனின் கதையை, அவன் சொல்லும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறோம்.

நாம் மனத்தில் வைத்திருக்கும் சாமுவேலின் உருவமே ஒரு ஓவியத்திலிருந்து வந்தது. 1776 வாக்கில் லண்டனில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்தது. மண்டியிட்டு, கை கூப்பி, வெளிச்சத்தைப் பார்த்து முகம் உயர்த்திய ஒரு சின்னக் குழந்தை, நாலைந்து வயது இருக்கும். அதன் நகல்கள் உலகமெங்கும் போயின. நம் வீட்டுக் காலண்டர்களில் கை கூப்பி நிற்கும் குழந்தைகள் எல்லாம் அதன் தூரத்துச் சொந்தம். ஆனால் பழைய யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் சாமுவேலுக்கு அப்போது பன்னிரண்டு வயது என்கிறார். மூல எபிரேயத்தில் அவனைக் குறிக்கும் 'நாஅர்' என்ற சொல் கைக்குழந்தைக்கும் வரும், மீசை முளைத்த வாலிபனுக்கும் வரும். பன்னிரண்டு என்றால் நம்மூரில் ஏழாம் வகுப்பு. எல்லாம் புரிகிற வயது.

ரெனால்ட்ஸ் வரைந்து நாலு வருஷம் கழித்து, 1780-இல், அதே லண்டனில் ஜான் சிங்கிள்டன் காப்லி இன்னொரு சாமுவேலை வரைந்தார். பையன் ஏலியிடம் அந்தக் கெட்ட செய்தியைச் சொல்லும் காட்சி. அது இப்போது அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. அதை யாரும் காலண்டரில் போட்டு நான் பார்த்ததில்லை.

ஏலியிடம் வருவோம். வெட்டிய கதையில் அவர் ஒரு துணைப் பாத்திரம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காமெடித் தாத்தா. முழுக் கதையில் அவர்தான் எனக்கு நெஞ்சை அடைக்கவைக்கிறார். கவனியுங்கள், கடவுள் பையனிடம் சொன்ன செய்தி ஏலிக்குப் புதிதல்ல. இரண்டாம் அதிகாரத்தின் கடைசியிலேயே ஒரு தீர்க்கதரிசி வந்து கிட்டத்தட்ட இதையே ஏலியின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு எதற்காக அதை ஒரு சிறுவன் வாயால் மறுபடி சொல்லவைக்க வேண்டும்? ஏலிக்குத் தகவல் தெரிவதற்காக இருக்க முடியாது. பையன் அதைச் சுமந்து போய்ச் சொல்வதும், அதை அவன் வாயிலிருந்து கிழவர் கேட்பதும்தான் நடக்க வேண்டியிருந்தது என்று நான் வாசிக்கிறேன்.

கிழவர் கேட்கிறார். காலையில் பையனைக் கூப்பிட்டு, மகனே என்று அழைத்து, ஒன்றையும் மறைக்காதே என்கிறார். மறைத்தால் உனக்குக் கேடு வரும் என்று ஆணையே இடுகிறார். பையன் எல்லாவற்றையும் சொல்கிறான். அவர் கோபப்படவில்லை, அடிக்கவில்லை, உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை. கர்த்தர்தானே, அவருக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய்யட்டும் என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். தகப்பனாகத் தோற்றுப்போனவர், ஆசாரியனாகவும் பாதி தோற்றவர், கண்ணும் மங்கிவிட்டது. இந்த மனிதர் ஒரே நாளில், அதுவும் தனக்கே எதிராக, இரண்டு வேலைகளைச் சரியாகச் செய்கிறார். குரலை அடையாளம் காட்டிக்கொடுத்தார். குரல் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். இதைவிடப் பெரிய பிள்ளைகள் ஊழியர் பைபிளில் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த இடத்தில் எதிர்க்கேள்வி வரும், நியாயமான கேள்விதான். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா? ரோமில் 1954 முதல் பிள்ளைகளோடு வேலை செய்த சோஃபியா கவல்லெட்டி சாதாரண ஆள் அல்ல. பைபிள் அறிஞர். மாண்டிசோரி முறையில் வந்த ஜியன்னா கோபியுடன் சேர்ந்து நல்ல மேய்ப்பன் மறைக்கல்வியை உருவாக்கியவர். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு மேய்ப்பன், நீதி போதனை அப்புறம்தான் என்பது அவர் நிலைப்பாடு. மரத்தில் செய்த சின்னச் சின்ன ஆடுகளைப் பிள்ளையே நகர்த்தும், பெரியவர் விளக்கமாட்டார். நாலு வயதுப் பிள்ளையிடம் போய் ஏலியின் வீடு அழிந்த கதையைச் சொல் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நாலு வயதுக்கென்று வெட்டிய கதையைப் பதினைந்து வயதுவரை அப்படியே வைத்திருக்கிறோமே, அதற்கு கவல்லெட்டி பொறுப்பில்லை.

அவரிடம் கற்ற ஜெரோம் பெரிமன் அமெரிக்காவில் 'காட்லி ப்ளே' என்ற முறையை வளர்த்தெடுத்தார். அதில் கதை சொல்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, கதைப் பொம்மைகளையே பார்க்கிறார். முடிந்ததும் சரியான விடை இல்லாத சில கேள்விகளைக் கேட்கிறார். எந்த இடம் பிடித்தது, எந்த இடம் முக்கியம், நீ இந்தக் கதையில் எங்கே இருக்கிறாய் என்பதுபோல. கடைசியாக ஒரு கேள்வி உண்டு: எந்தப் பகுதியை எடுத்துவிட்டாலும் கதைக்கு வேண்டியதெல்லாம் மிச்சம் இருக்கும்? அதைப் பிள்ளைதான் யோசிக்க வேண்டும். நாங்கள் அந்தக் கேள்விக்குப் பிள்ளைகளின் சார்பாக ஏற்கெனவே விடை எழுதி, அச்சடித்து, கலர் அடிக்கவும் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நல்லதங்காளைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய தாயின் கதையைக் கொடை நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வில்லுப்பாட்டில் கேட்டு, விசும்பிக்கொண்டே தூங்கியிருக்கிறோம். அதைத் தாங்கினவர்களுக்கு ஏலி தாங்காதா என்ன?

போன மே மாதம், வேறொரு ஊரில், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதன்முறையாக முழுக் கதையையும் சொன்னேன். நாலாம் அதிகாரம்வரை போனேன். உடன்படிக்கைப் பெட்டி பறிபோன செய்தி கேட்டு, 98 வயது ஏலி ஆசனத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து சாகும் இடம்வரை. சாமுவேலின் பிள்ளைகளும் பின்னால் லஞ்சம் வாங்கினார்கள் என்பதையும் சொன்னேன். நல்ல பிள்ளையை நல்லபடியாக வளர்த்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று அந்தப் புத்தகமே உத்தரவாதம் தருவதில்லை. வகுப்பு ரொம்ப அமைதியாக இருந்தது. எனக்கே பயமாகிவிட்டது. கட்டத்துக்குள் போட என்னிடம் ஒரு வரியும் இல்லை.

பின்வரிசையில் ஒரு பையன் கேட்டான்: "சார், சாமுவேலுக்கு அந்தத் தாத்தாவப் பிடிக்குமா?"

தெரியவில்லை, அப்படி ஒன்றும் எழுதியில்லை என்றேன்.

"பிடிச்சிருக்கும் சார். இல்லன்னா எதுக்கு விடியிற வரைக்கும் படுத்தே கெடந்தான்? பிடிக்காதவங்களா இருந்தா அப்பமே எந்திரிச்சிப் போயிச் சொல்லிருப்பான்லா."

இத்தனை வருஷம் அந்த வசனத்தில் நான் பயத்தை மட்டும்தான் படித்திருந்தேன்.

மறுநாள் காலை ஒரு தாய் வந்தார். 'தம்பி, ராத்திரி எம் புள்ள தூங்கவேயில்ல. நீங்க என்ன கதை சொன்னீங்க?' என்றார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, 'அதெல்லாம் பைபிள்லயா இருக்கு?' என்று கேட்டார். கையிலிருந்ததைத் திறந்து இடத்தைக் காட்டினேன். விரல் வைத்து, உதட்டை அசைத்து, நின்றபடியே கடைசி வசனம்வரை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பிள்ளை அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்தது. அடுத்த வருஷம் எனக்கு கிராஃப்ட் பிரிவு கொடுத்திருக்கிறார்கள், ஐஸ்குச்சியில் பேழை செய்யச் சொல்லிக்கொடுக்க.